அறுபத்து நான்காவது குதிப்பு: சித்தையன்கோட்டை வயல்களுக்கு மேலே

பதினோரு வருஷமாக என்னிடம் ஒரு பொய் கைவசம் இருந்தது. "ஏன் ஸ்கைடைவிங்கை விட்டுட்டீங்க?" என்று யார் கேட்டாலும், "கல்யாணம், குழந்தை, ஸ்கூல் வேலை, நேரம் எங்க இருக்கு?" என்பேன். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். உண்மைக் காரணம் என் அறுபத்து மூன்றாவது குதிப்பு. என்னைப்போல விட்டுவிட்டுத் திரும்ப நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக இந்த முறை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் சித்தையன்கோட்டைக்கு அப்பால் ஒரு தனியார் மண் ஓடுதளத்தில் நான்கு நாள் முகாம் என்று கேள்விப்பட்டேன். மதுரைக்காரி நான், இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு சாக்குச் சொல்ல வழியில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லுக்கு ஒன்றரை மணி நேரம், அறுபது ரூபாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், வாடகை 1,100. ஓர் எச்சரிக்கை: ஊர் முழுக்கப் பிரியாணி வாசனை ஆளை இழுக்கும். குதிப்பதற்கு முந்தைய நாள் வேண்டவே வேண்டாம். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு வயிற்றெரிச்சலோடு படுத்தேன்.

சனிக்கிழமை காலை 5.45க்குக் கார் வந்தது. ஓட்டுநர் காதர், பேகம்பூர்க்காரர், முப்பது வயதிருக்கும். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்.

"நெசமாவே குதிக்கப் போறீங்களாக்கா?"

"நெசமாத்தான்."

"அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா எங்க பேகம்பூரு தெரியும்ல? பாத்துட்டு வந்து சொல்லுங்க."

சரி என்றேன். இருபத்திரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். வழியெல்லாம் பனி, தென்னந்தோப்புகளின் தலை மட்டும் தெரிந்தது.

முகாமின் பயிற்சியாளர் சரண்யா, கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். பல நூறு முறை குதித்தவள். ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஒரு கேள்வி: கடைசிக் குதிப்பு எப்படி முடிந்தது? பேனா அங்கேயே நின்றுவிட்டது.

எப்படி முடிந்தது என்றால், மூன்று தோழர்களோடு வானத்தில் கைகோத்து வட்டம் போடுவதாகத் திட்டம். எனக்கு வட்டம் எட்டவில்லை. எட்டிப் பிடித்தே தீருவது என்ற பிடிவாதத்தில், மணிக்கட்டில் கட்டியிருந்த உயரமானியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் விலகிப் போய்ப் பாராசூட்டைத் திறந்துவிட்டார்கள். நான் விழுந்துகொண்டே இருந்தேன். 750 அடியில், முதுகுப் பையில் இருந்த தானியங்கிக் கருவி மாற்றுப் பாராசூட்டைத் திறந்தது. உயிர் பிழைத்தது அதனால்தான். நான் கணக்கு டீச்சர். கையில் இருந்த எண்ணைப் படிக்காமல் விட்ட கணக்கு டீச்சர். அந்த வெட்கத்தில்தான் விட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சரண்யா நிதானமாகப் படித்தாள்.

"எழுதுனது நல்லதுங்கக்கா. நெறையப் பேரு இத மறைச்சிருவாங்க. ஆனா அஞ்சாயிரம் அடில பாராசூட்ட நீங்களேதான் இழுக்கோணும். நாலாயிரத்து ஐந்நூறு தாண்டுச்சுன்னா நான் வந்து இழுத்துருவேன். அப்பறம் இந்த முகாம்ல உங்கள ஏத்த மாட்டேனுங்க."

அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மூன்று மணி நேரம் கம்பியில் தொங்கவிட்டுப் பழக்கினாள். கையைப் பார், கீழே பார், கைப்பிடியைத் தொடு. மறுபடி கையைப் பார். மாணவர்களை நான் வாய்ப்பாடு சொல்ல வைக்கிற அதே கொடுமை.

10.40க்குச் சிறிய விமானம் கிளம்பியது. பத்தாயிரம் அடிக்கு இருபத்தைந்து நிமிடம். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. சரண்யா என் தோள்பட்டியைப் பிடித்துக்கொள்ள, இருவரும் குதித்தோம்.

ஒன்பதாயிரம். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் ஆத்தூர் நீர்த்தேக்கம் பளபளப்பது கடைக்கண்ணில் தெரிந்தது. பார் பார் என்று மனசு அரித்தது. பார்க்கவில்லை. எட்டாயிரம். ஏழாயிரம். பிடியை விட்டு எதிரே மிதந்த சரண்யா சிரித்தாள். பதிலுக்குச் சிரிக்கவும் இல்லை. ஆறாயிரம். இரண்டு கைகளையும் வீசி அவளை விலகச் சொன்னேன். ஐந்தாயிரத்தில் உயரமானியின் முள் வந்து நின்றபோது என் வலது கை கைப்பிடியில் இருந்தது. இழுத்தேன்.

தலைக்கு மேலே நீலமும் மஞ்சளுமாகப் பாராசூட் விரிந்தது. அந்த அமைதியில் வாய்விட்டு அழுதேன். கேட்க ஆளில்லை என்பது வசதி. பிறகு காற்றின் திசையையும் வெங்காய வயலுக்கு அப்பால் இருந்த இறங்குதளத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டே வந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்து சறுக்கினேன். பேண்ட் முழுக்கச் செம்மண்.

பத்தடி தள்ளி அழகாக நின்று இறங்கிய சரண்யா, "அஞ்சாயிரமுங்க. ஒரு அடி கொறையல," என்றாள். பள்ளி மேடையில் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

காதர் ஓடி வந்தார். "பேகம்பூரு தெரிஞ்சுச்சாக்கா?"

"பாக்கல காதர்."

"அம்புட்டு ஒசரம் போயி வேற என்னத்தப் பாத்தீங்க?"

"என் கையைத்தான்."

சுத்தமாகப் புரியாமல் விழித்தார். திரும்பி வரும் வழியில் அறுபத்து மூன்றாவது குதிப்பின் கதையை முழுசாகச் சொன்னேன். வீட்டுக்காரருக்கே சொல்லாத கதை.

திரும்ப நினைப்பவர்களுக்கு: பயிற்சி, உபகரணம், ஒரு குதிப்பு எல்லாம் சேர்த்து எனக்கு 18,500 ஆனது. மருத்துவரின் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பதினொன்றரைக்கு மேல் காற்று கூடிவிடும், ஆகவே காலை நேரத்தையே கேளுங்கள். படிவத்தில் பொய் எழுதாதீர்கள். உங்களோடு குதிக்கிறவருக்கு உங்கள் பலவீனம் தெரிந்திருக்க வேண்டும். பிரியாணிக்கு மதியம் பேகம்பூர் போகலாம். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அந்தப் பிரியாணிக் கடையில் தட்டு வருவதற்கு முன் பையிலிருந்து பழைய குதிப்புக் குறிப்பேட்டை எடுத்தேன். 63 என்ற எண்ணுக்கு எதிரே பதினோரு வருஷமாக வெற்றிடம். "750 அடி. கருவி திறந்தது" என்று எழுதினேன். அடுத்த வரியில் 64 போட்டு எழுதினேன்: "5,000 அடி. நான் திறந்தேன்."