இறக்கத்தில் டீசல் எதற்கு

வெள்ளிமலையில் பேருந்தைத் தவறவிட்ட எனக்கு, மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய தன் டெம்போவில் இடம் கொடுத்தவர் ஒரு பெரியவர். நரைத்த மீசை, ஒரு பக்கம் ஒடிந்து நூலால் கட்டிய கண்ணாடி. டீக்கடையில் நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த நீராகாரத்தைக் குடித்துக்கொண்டார்.

முதல் இறக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செருப்பு தேய்வதில்கூட மிச்சம் பிடிக்கிறாரே என்று நினைத்தேன். அடுத்து இன்ஜினை அணைத்தார்.

"ஏங்க, நிறுத்திட்டீங்க?"

"எறக்கந்தானுங்க. வண்டி தானா போவுது. டீசலை இன்னாத்துக்கு எரிக்கணும்?"

சத்தமே இல்லாமல் வண்டி வேகம் பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்த பாரம் எங்களைப் பள்ளத்தை நோக்கித் தள்ளியது. பிரேக்கை மிதித்து மிதித்து அவர் கால் நரம்பு புடைத்தது. நான் இரு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் இன்ஜினைப் போட்டார்.

"உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றேன்.

"இல்லாம இன்னாங்க? அதுக்குத்தான் செருப்பைக் கழட்டறது. வெறுங்காலுலதான் பிரேக்கு புடிக்குதா இல்லியான்னு ஒடனே தெரியும்."

வடக்கனந்தலில் இறங்கிக்கொண்டேன். இப்போதும் அந்த மலையில் பேருந்து இறங்கும்போது, என் கால் தானாகச் செருப்பை விட்டு வெளியே வந்துவிடுகிறது.