அப்பா தூங்க ஒரு பேட்டரி

ஓடுகிற வண்டியில் மட்டும்தான் அப்பா தூங்குவார் என்பது தற்செயலாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி செங்கம் ரோட்டுக்கு வருவதற்குள் என் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அதற்கு முன்பு பல மாதங்களாக அவரும் தூங்கவில்லை, எங்களையும் தூங்கவிடவில்லை. மறதி நோய் முற்றிக்கொண்டே வந்தது. "வீட்டுக்குப் போலாம், வா" என்று எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டையும் நெல்லும் பயிர் வைத்து வாழ்ந்த மனிதர். சரி, அந்த வீட்டைத்தான் கேட்கிறார் போல என்று ஒரு நாள் அங்கேயே கூட்டிப்போனேன். பூட்டைத் திறந்து உள்ளே உட்காரவைத்தேன். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

எங்கள் வீட்டு மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்போது அங்கே தங்கியிருந்த பெங்களூர்க்காரர் ஒரு பழைய வேனைக் கேரவன் மாதிரி மாற்றி வைத்திருந்தார். உள்ளே ஒரு கட்டில், அலமாரி, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. ஊர் சுற்றி அலுத்துப்போய் அதை விற்கப் பார்த்தார். நான் வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கு ஏதோ நல்லது செய்கிறோம் என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. அந்தச் சமயத்தில் எதைச் செய்தாலும் யாரோ சொல்லி வேறு யாருக்கோ செய்வதுபோலத்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புவோம். நான் ஓட்டுவேன், மனைவி பின்னால் அவர் பக்கத்தில் உட்காருவாள். கிரிவலப் பாதையைப் பாதி சுற்றுவதற்குள் தூங்கிவிடுவார். எங்கே தூங்குகிறாரோ அங்கே ஏதாவது ஒரு புளியமர நிழலில் நிறுத்துவேன். வீட்டுக்குத் திரும்பினால் கேட் திறக்கிற சத்தத்துக்கே விழித்துக்கொள்வார். நிறுத்துவதில் இன்னொரு சிக்கல் இருந்தது. இன்ஜினை அணைத்து ஃபேனையும் அணைத்தால் வெக்கையில் எழுந்துவிடுவார். ஃபேனை ஓடவிட்டால் வண்டியின் பேட்டரி இறங்கிவிடும். ஒரு நாள் அப்படி இறங்கிப்போய், ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா உள்ளே உட்கார்ந்து, "ஏன் பஸ் நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வண்டியைக் கிளப்புகிற பேட்டரியைத் தொடாமல் ஃபேனுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். அதற்காகத்தான் டவுனில் இருந்த பேட்டரிக் கடைக்குப் போனோம். அப்பாவையும் மனைவியையும் வேனிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

கடைக்காரர் வேனை எட்டிப் பார்த்தார். "டூர் வண்டியா சார்? எந்தெந்த ஊருக்குப் போவீங்க?"

"எங்கயும் போகல. ஊரையே சுத்தி வருவோம்."

"அப்ப எதுக்குங்க பேட்டரி? வீட்ல நிக்கும்போது ஒரு ஒயர் இழுத்து விட்டுக்கலாமே."

"எங்கப்பா தூங்கணும். அவரு தூங்கற எடத்துல வண்டிய நிறுத்திடுவோம். அங்க ஃபேன் ஓடணும்."

அவர் மூன்று வகை பேட்டரிகளைக் காட்டினார். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஆசிட் பேட்டரி விலை கம்மி. ஆனால் கனம் ஜாஸ்தி, தண்ணி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் போய்விடும். இரண்டாவது சீல் வைத்தது, தண்ணி வேண்டாம், மற்றபடி அதே கதைதான். மூன்றாவது லித்தியம். ஒரே ஆள் தூக்கிவிடலாம், கிட்டத்தட்ட முழுசாக இறக்கினாலும் ஒன்றும் ஆகாது, விலைதான் ஜாஸ்தி. எல்லாம் காதில் விழுந்தது. எதுவும் உள்ளே போகவில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"ஆசிட்டே போடுங்க" என்றேன், அது முன்னால் இருந்ததால்.

என் மனைவி எப்போது இறங்கி வந்தாளோ தெரியவில்லை. வேனைப் பார்த்தபடி வாசலிலேயே நின்று கேட்டாள். "அது சார்ஜ் ஏறும்போது கேஸ் வருமில்லீங்க? மாமா படுக்கற கட்டிலுக்கு அடியிலதான் எடம் இருக்குது."

"வரும்மா. மூடின வண்டிக்குள்ள அத வைக்கக் கூடாதுதான். சாருதான் கேட்டாரு." கடைக்காரர் மற்ற இரண்டையும் எங்கள் பக்கம் நகர்த்தினார். "இது ரெண்டுல எதுன்னாலும் வைக்கலாம். சீல் வச்சது மூணு வருஷம் வரும். லித்தியம் பத்து வருஷம் தாராளமா ஓடும். உங்களுக்கு எத்தன வருஷத்துக்கு வேணும்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் கண்ணாடி வழியாக வேனைப் பார்த்தேன். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்துக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கணக்குப் போடுகிறவன்போல நின்றிருந்தேன்.

"பத்து வருஷம் வரதே குடுங்க" என்றாள் மனைவி.

வெளியே வந்தபின், "அவ்வளோ எதுக்கு?" என்று கேட்டேன்.

"அவர வச்சிக்கிட்டு மூணு போதும்னு நான் சொல்லவா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேனில் ஏறி அப்பாவின் வேட்டியைச் சரிசெய்தாள்.

பேட்டரி மாட்டிய மறுநாள் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையோரம் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் அதே வேகத்தில் ஓடியது. அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. மனைவியும் சீட்டில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள். நான் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் இறங்கிய எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு அப்பா விழித்தார். என்னை நிதானமாகப் பார்த்து, "டிரைவர், நீங்க சாப்டீங்களா?" என்றார்.

"சாப்ட்டேங்க."

"நம்ம ஊர்ல எறங்கி ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போலாம். வெயில்ல ஓட்டறீங்க."

சரி என்றேன். பெற்ற மகனை அடையாளம் தெரியவில்லையே என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. நல்ல பயணிதான் கிடைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மழைக்காலம் வரைக்கும் அப்படியே ஓடியது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிறைந்து வண்டிகளை உள்ளே விடாத நாட்களில் வீட்டிலேயே இருந்தோம். அந்தச் சமயத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் காலில் பலம் திரும்பவில்லை. வேன் படியில் ஏற்ற இரண்டு பேர் தூக்கிப் பார்த்தோம், வலியில் கத்தினார். பிறகு முயற்சி செய்யவில்லை. இப்போது கட்டிலோடு இருக்கிறார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பதும் நின்றுவிட்டது.

போன வாரம் மத்தியானம், "நீங்க கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று மனைவி சாவியைக் கையில் கொடுத்தாள். கால்போன போக்கில் ஓட்டிப்போய் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். ஃபேனைப் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தேன். போன் அடித்தபோதுதான் எவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலி, அதற்குப் பின்னால் வயல். எந்த இடம் என்று உடனே பிடிபடவில்லை.

"தெரியல. இரு, எறங்கிப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.