ஒன்பதாவது சர்வர் எழுந்த வியாழக்கிழமை

எங்கள் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் அவரை எல்லோரும் டிஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து மேசை நான். எந்தப் புகார் வந்தாலும் அன்று மாலைக்குள் முடித்துவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் சேமிப்பு அமைப்பு ஒரே கணினியில் அடங்குவதில்லை. கோப்புகளின் பெயர்களை ஒரு சர்வர் வைத்திருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் துண்டுகளாகப் பதினாறு சர்வர்களில் பிரிந்து கிடக்கும்; சின்னக் கோப்பு என்றால் முழுதும் ஒரே சர்வரில் அடங்கிவிடும். ஒரு திங்கட்கிழமை மின்சாரம் குதித்ததில் ஒன்பதாவது படுத்துவிட்டது. மறுநாள் காலை வந்து பார்த்தால், பேச்சு ஆய்வுப் பிரிவின் அடைவில், அதாவது ஃபோல்டரில், நாற்பத்து மூன்று கோப்புகளுக்குப் பெயர் மட்டும் இருந்தது. அளவு, தேதி, உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறி.

பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு டிஸ்க் கூட எழும்பலக்கா. டிஸ்க்கெல்லாம் மாட்டியிருக்கற கார்டை மாத்திப் பாக்கறேன். வியாழக்கிழமைதான் வரும். ரொம்ப நம்பாதீங்க."

அதற்குள் வேறொரு சிக்கல். அந்த அடைவை வாசிக்கும் நிரல் ஒவ்வொன்றும் கேள்விக்குறியில் முட்டி நின்றது. ஆளாளுக்குப் போன் செய்து அக்காவின் தலையை உருட்டினார்கள். பேச்சு ஆய்வுப் பிரிவின் தலைவியை நாங்கள் பேச்சு டாக்டர் என்போம். அவரை அக்காவே அழைத்தார்.

"டாக்டர், அந்தப் பேரையெல்லாம் எடுத்துடறேன். இல்லேன்னா மத்தவங்க வேலை ஓடாது."

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே? அதுல நோயாளிங்க குரல் இருக்கு."

"உள்ள ஒண்ணுமே இல்ல டாக்டர். வெறும் பேருதான் தொங்குது. நான் பாத்துட்டேன்."

அவர் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. வழக்கமான அழிப்புக் கட்டளை அந்தக் கோப்புகளை ஏற்க மறுத்தது. பெயரை மட்டும் பிய்த்தெடுக்கும் இன்னொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தார். நாற்பத்து மூன்றும் போயின. நின்ற நிரல்கள் ஓடின. அஞ்சரை மணிக்கு அக்கா பையை மாட்டினார்.

வியாழக்கிழமை கார்டு வந்தது. மாற்றி முடித்ததுமே, செத்ததாக நினைத்த ஒன்பதாவது உயிரோடு எழுந்தது. டிஸ்க்குகளில் ஒரு கீறல் இல்லை. "பாத்தியா!" என்று அக்கா என் தோளில் தட்டினார். அடுத்த நொடி அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பெயரை எடுத்துவிட்டால், அதற்குரிய துண்டுகளையும் அழிக்கச் சொல்லிப் பெயர் சர்வர் குறித்துக்கொள்ளும். துண்டை வைத்திருக்கும் சர்வர் படுத்திருந்தால், எழும்வரை காத்திருக்கும். அக்காவுக்கு இது தெரியாததல்ல, அந்த அவசரத்தில் தோன்றவில்லை. ஒன்பதாவது எழுந்ததும் இரண்டு நாள் பழைய உத்தரவு போய்ச் சேர்ந்தது. அதுவரை பத்திரமாக இருந்த குரல்களை நாலைந்து நொடியில் துடைத்துவிட்டது. அக்கா கேபிளைப் பிடுங்க ஓடினார். சர்வர் அறைக் கதவுவரை போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அது தற்காலிக இடம். நகல் எடுத்து வெச்சுக்கறது அவங்க பொறுப்பு. உங்க மேல தப்பில்லம்மா."

அந்த வார்த்தை அக்காவின் காதில் ஏறவே இல்லை. படியேறிப் போய்ப் பேச்சு டாக்டரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தொண்டை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த குரல்ங்க அது. அப்புறம் அந்தக் குரலை வெச்சுத்தான் அவங்களுக்காக மெஷின் பேசணும். பதினோரு பேர். பத்துப் பேருக்குத் திரும்ப எடுத்துடலாம். ஒருத்தருக்குப் போன வாரமே ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு."

அந்த ஒருத்தர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்தவர். சனிக்கிழமை அக்கா அவர் வீட்டுக்குப் போனார், உண்மையைச் சொல்லத்தான். மாடியில் சின்ன வீடு. கழுத்தில் துணி சுற்றி அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் தன் முகத்தையே பார்ப்பதைக் கண்டதும் அக்கா தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மெஷின் கோளாறுல... போயிடுச்சுங்க" என்றார்.

அவர் நோட்டில் எழுதிக் காட்டினார்: "பஸ் ஸ்டாண்டுல பழைய பதிவு இருக்கும். கேட்டுப் பாருங்க."

ஒரு வாரம் விடுப்பு எடுத்து அக்கா அங்கேயே கிடந்தார். தூசு படிந்த கணினி ஒன்றில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் கிடைத்தன. எல்லாம் ஊர்ப் பெயர், வண்டி எண், நடைமேடை. டாக்டர் அதை வைத்தே மெஷினுக்கு ஒரு குரலை ஒப்பேற்றினார்.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவி போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தண்ணி வேணும்னு கேட்டாக்கூட பஸ் வரப்போற மாதிரியே இருக்குங்க! பேரப்பிள்ளைங்க வரிசைல நிக்குதுங்க." சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "என் பேருதான் சரியா வர மாட்டேங்குது. வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. முதல்ல ரெக்கார்டிங் எடுத்தப்ப, வீட்டுல என்னைக் கூப்பிடற மாதிரியே ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாராம். டாக்டரம்மா சொன்னாங்க. பரவாயில்லங்க. நீங்க அலைஞ்சு தேடலேன்னா இதுவும் கிடைச்சிருக்காது. ரொம்ப நன்றிங்க."

"அம்மா, ஒரு விஷயம்..." என்று அக்கா தொடங்கினார்.

"அவர் கூப்பிடறாருங்க, வெச்சிடறேன்" என்று போனை வைத்துவிட்டார் அந்த அம்மா.

டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அப்போதுதான் அந்த வீட்டில் தான் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதை அக்கா என்னிடம் சொன்னார். "திருப்பிப் போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்க்கா" என்றேன்.

"இப்ப சொன்னா, அவங்களுக்காகச் சொல்ற மாதிரி இருக்காது. என் பாரத்தை அவங்க தலைல இறக்கற மாதிரி இருக்கும்."

அது சரியா, தப்பா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். இதுவரை அவர் சொல்லவில்லை.