விதைக்கடலையும் வாய்ப்பாட்டுத் தேர்வும்

அறையில் இருந்தவர்கள்: தேர்வாளர்கள் மூவர், தம்புரா மீட்டிய என் அறைத்தோழன், கதவோரம் நின்ற பியூன், நான். இல்லாதவர்கள்: இரண்டு வருடமாக என்னோடு ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாடிய மற்ற வகுப்பார் அத்தனை பேரும். அவர்கள் வெளியே வராந்தாவில் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கல்லூரிக்கு வந்த பிறகு அவர்கள் பக்கத்தில் இல்லாமல் நான் ஒரு வரிகூடப் பாடியதில்லை என்பது, அந்த அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

பல்கலைக்கழக இசைப் பிரிவில் எங்களுக்குப் பாடம் நடந்த விதம் அப்படி. ஆசிரியர் ஒரு சங்கதியைப் பாடுவார். வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாங்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவோம். ஒருவன் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவன் இழுத்துப் பிடித்திருப்பான். ஒருவன் சுருதி தளர்ந்தால் மற்றவர்கள் சுருதி அதை மூடிவிடும். இசைக் குடும்பங்களிலிருந்து வந்த பையன்களுக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தனியாக ஒன்று பாடிக் காட்டுகிற பழக்கம் சின்ன வயதிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மாட்டைக் காட்டுவார்கள். கல்லூரியில் சேரும்போது ஒரு தேவாரம் தனியாகப் பாடினேன்தான். அப்போது பயப்படும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது.

வர்ணத்தை எடுத்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் நடுவில் இருந்த தேர்வாளர் பென்சிலைக் கையில் எடுத்தார். எழுதக்கூட இல்லை, எடுத்தார், அவ்வளவுதான். தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கிறது, அடுத்த வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பாடச் சொன்னார்கள். குடித்தேன். மறுபடி எடுத்தேன். அதே இடம், அதே பென்சில். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எழுத்துத் தேர்வுகளில் தேறிவிட்டேன், வாய்ப்பாட்டில் தவறிவிட்டேன். செப்டம்பரில் மறுபடி பாட வேண்டும். அதிலும் போய்விட்டால் உதவிச் சம்பளம் நின்றுவிடும் என்று பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். உதவிச் சம்பளம் நின்றால் விடுதியில் நான் ஒரு மாதம்கூட இருக்க முடியாது. அரிமளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் அப்பாவுக்குப் பின்னால் ஏர் பிடிக்க வேண்டியதுதான். அது கேவலமான வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எனக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

எல்லோரும் தொண்டைக்கு வைத்தியம் பார்த்தார்கள். கல்லூரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருப்பதாகச் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று கொப்பளிக்க மருந்து கொடுத்தார். விடுதியில் மிளகு, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் ஆத்தா உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போட்டது. நெடி ஏறவில்லை, அதனால் கண்ணேறுதான் என்று ஆத்தாவுக்கு உறுதியாகிவிட்டது. பயம் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை, நான் உட்பட. பேய்க்கும் பாம்புக்கும் பயப்படலாம். படித்துக்கொண்டிருக்கிற பாட்டுக்கு யாராவது பயப்படுவார்களா?

ஆனால் எனக்குச் சந்தேகம் தட்டியது. விடியற்காலை காட்டுப் பக்கம் போய்ப் பாடினால் குரல் தாராளமாக வந்தது. ஆத்தா கஞ்சி கொண்டுவந்து வரப்பில் நின்றால் குரல் அந்த இடத்திலேயே நின்றுபோனது. இதை அக்காவிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா விதைக்கடலை உடைப்புக்காக வந்திருந்தாள்.

"அப்ப தொண்டையில ஒண்ணுமில்ல. ஆளப் பாத்தாத்தான் வரமாட்டேங்குதா?"

ஆமாம் என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. காப்பித் தம்ளர வச்சிட்டு உள்ள ஓடியாந்துட்டேன். ஒனக்கு உள்ள ஓட எடமில்லையேடா" என்றாள்.

சிரித்துவிட்டேன். தேர்வுக்குப் பிறகு அதை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆடி விதைப்புக்கு ஆனியில் கடலை உடைப்பார்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பந்தல் போட்டு, ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காயைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பருப்பை எடுப்பார்கள். எவ்வளவு காய் அளந்து கொடுத்தோமோ அதற்குக் கூலி. இதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. கடலையை உடைக்கிற கை வாய்க்கும் போகும். தின்னாதே என்று சொல்வது மரியாதையில்லை. சொன்னால் மறுநாள் வேறு வீட்டுப் பந்தலுக்குப் போய்விடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் வாயை வேலைக்கு வைத்துவிடுவார்கள். வீட்டு ஆள் ஒருத்தி நடுவில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் வீட்டில் என்ன சண்டை, கட்டுமாவடியில் கருவாடு என்ன விலை என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் சொல்கிற வாய்க்குத் தின்ன நேரமிருக்காது. எங்கள் வீட்டில் அந்த வேலை அக்காவுடையது. அதில் அவள் கெட்டிக்காரி.

உடைப்பு ஆரம்பித்த அன்று அக்காவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, கிராம்புத் தைலப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆத்தாவுக்குப் பேச்சு வராது, அதட்டல்தான் வரும். அக்கா என்னைக் கையைக் காட்டி அழைத்து, பஞ்சை எடுத்துவிட்டு, "நீ பாடு" என்றாள்.

மாட்டேன் என்றேன்.

"இவுங்க என்ன மார்க்கா போடப் போறாங்க?"

உட்கார்ந்தேன். தம்புரா இல்லை. சுருதியை மனசில் பிடித்துக்கொண்டு வர்ணத்தை எடுத்தேன். பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது வரியில் நின்றுபோனது. காது சுட்டது. எழுந்திருக்கப் போனேன்.

அறந்தாங்கிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்திருந்த ஒரு பெண், வாயாடி என்று பேரெடுத்தவள், கையை நிறுத்தாமல் சொன்னாள்: "நின்னுட்டா என்ன தம்பி, மறுக்கா எடுங்க. கடல இன்னும் கெடக்குல்ல."

மறுபடி எடுத்தேன். மறுபடி நின்றது. மறுபடி எடுத்தேன். நான் நின்றதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிற்பதும் எடுப்பதும் பாட்டிலேயே சேர்த்தி என்று நினைத்தார்களோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் வர்ணம் முடிந்துவிட்டது. முடிந்தது எனக்கே ஆச்சரியம். அடுத்து தோடியில் ஆலாபனை எடுத்தேன். வெகுநேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே பெண் கேட்டாள், "இந்த ஆ...ன்னு இழுக்குறதெல்லாம் முடிஞ்சு பாட்டு எப்பங்க வரும்?" இன்னொருத்தி அக்காவைக் காட்டி, "அவுங்க பல்லு வலிக்கு இவரு அழுவுறாரு, பேசாம உடைடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாடினேன். சிரித்துக்கொண்டு பாட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

சாயங்காலம் அப்பா பருப்பை அளந்தார். இரண்டு படி காய்க்கு ஏறக்குறைய ஒரு படி பருப்பு வர வேண்டும். இரண்டு படி பருப்பு குறைந்தது. மறுநாளும் பாடினேன். மறுநாளும் குறைந்தது. ஆத்தாதான் கண்டுபிடித்தது. நான் பாடுகிறபோது பேச்சு நின்றுவிடுகிறது. சும்மா இருக்கிற வாய் கடலையைத் தேடிப் போகிறது. அதுவும் தோடியில்தான் அதிகம் போனதாக ஆத்தா சொன்னது. அந்த ராகத்தின் பெயர் அதற்குத் தெரியாது, "அந்த இழுவைப் பாட்டு" என்றது.

இதற்கு ஆத்தாவே ஒரு வழியும் சொன்னது. எல்லோரும் சேர்ந்து பாடுகிற பாட்டாகப் பாடு. நீ ஒரு வரி சொன்னால் அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். வாயும் அடைபடும், நீயும் பாடின மாதிரி இருக்கும். நியாயமாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் கும்மிப் பாட்டுகளாகப் பாடினோம். பந்தலே குலுங்கியது. பருப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. அன்று முழுக்க என் குரலை நான் கேட்கவே இல்லை. பழைய ஜமுக்காள வரிசைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அன்று சாயங்காலம் ஆத்தாவுக்கு முன்னால் வர்ணத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரி வழுக்கியது.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். போய் நின்று, தேர்வில் நடந்ததை முதல்முறையாக முழுக்கச் சொன்னேன். தொண்டையில் ஒன்றுமில்லை, பயம்தான் என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பந்தலில் தனியாகப் பாடினால் பயம் விடுகிறது, சேர்ந்து பாடினால் திரும்பி வந்துவிடுகிறது என்றும் சொன்னேன். அப்பா விதைக் கணக்கில் கறாரானவர். கீழே விழுந்த காயைக் குனிந்து பொறுக்காமல் தாண்டிப் போக மாட்டார். விதை குறைந்தால் கிழக்குக் காட்டில் ஒரு துண்டு தரிசாகத்தான் கிடக்கும்.

மாடு குடித்து முடிக்கும்வரை வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "பயம் விட இன்னும் எத்தன படி திம்பாங்க?"

தெரியாது என்றேன்.

"டாக்டருகிட்டப் போனா அவரு மட்டும் எத்தன நாள்ல கொணமாகும்னு சொல்லிட்டா பீஸு வாங்குறாரு?" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு நடந்தவர், ஆத்தா காதில் விழும்படிச் சொன்னார்: "தனியாவே பாடட்டும். திங்கட்டும். கொறையுறத வாங்கிக்கிருவம்."

ஆத்தா இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மறுநாள் நான் பாட உட்கார்ந்தபோது பந்தலில் நல்ல இடமாகப் பார்த்துச் சாக்கு விரித்துப் போட்டது ஆத்தாதான்.

உடைப்பு முடியும்வரை தினமும் பாடினேன். பார்வைகளுக்கு நடுவில் இருக்கப் பழகினேன். குரல் நின்றால் நின்ற இடத்திலேயே இருந்து, மூச்சை எடுத்து, சுருதியைத் தேடி, மறுபடி தொடங்கப் பழகினேன். கல்லூரியில் நிற்காமல் பாடத்தான் கற்றுக்கொடுத்தார்கள். நின்ற பிறகு என்ன செய்வது என்பது பாடத்தில் இல்லை.

கல்லூரி திறந்ததும் அறைத்தோழனிடம் கடலைக் கதையைச் சொன்னேன். நாகஸ்வரக் குடும்பத்துப் பையன். கேட்டுவிட்டுச் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் தான் வாந்தியெடுப்பதாகச் சொன்னான். "பரம்பரையே வாசிக்கிற வீடு. எனக்குப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது?" என்றான். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது தெரியாது. என்னுடையது அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து சாயங்காலங்களில் நாங்கள் சிலர் விடுதிப் பின்கட்டில் கூடினோம். ஒருவன் தனியாகப் பாடுவான். மற்றவர்கள் துணி மடிப்பார்கள், செருப்புத் துடைப்பார்கள், கேட்பார்கள். நின்றுபோனால் "கடல இன்னும் கெடக்கு" என்று யாராவது சொல்வார்கள். அது எங்களுக்குள் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது.

செப்டம்பரில் அதே அறை, அதே நடுத் தேர்வாளர். ஆலாபனையில் ஓரிடத்தில் நின்றேன். அவர் பென்சிலை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு லவங்கத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்குப் பந்தல் ஞாபகம் வந்தது. தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சை எடுத்து, தம்புராவைக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தேன். மதிப்பெண் பெரிதாக ஒன்றுமில்லை. தேறிவிட்டேன்.

இப்போது நான் ஒரு பள்ளியில் இசை ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துத்தான் நானும் சொல்லித்தருகிறேன், வேறு வழியில்லை. ஆனால் வாரத்தில் ஒருநாள் ஒவ்வொருவரும் தனியாகப் பாட வேண்டும், மற்றவர்கள் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். பாதியில் நின்றுபோகிற பிள்ளையை எழுந்து போக விடுவதில்லை. பயமாக இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கிறேன். ஆமாம் என்று சொல்கிற பிள்ளைகள் நிறைய.

தேறிய செய்தியோடு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கிழக்குக் காட்டில் ஒரு துண்டும் தரிசாக இல்லை. குறைந்த விதையை அப்பா அறந்தாங்கிச் சந்தையில் வாங்கிவந்து ஊன்றியிருந்தார். விதைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். மறக்காமல் சொன்னார்: பன்னிரண்டு படிப் பருப்பு, படி ஒரு ரூபாய். போகவர பஸ் சார்ஜ் ஒன்றேகால். ஆகப் பதின்மூன்றேகால் ரூபாய்.