லைட் ஹவுஸ் படத்துக்கு எத்தனாவது இடம்?

“ரிசல்ட்ட சொல்லுங்க, அப்பறந்தான் சாவி,” என்று ஜெயசித்ரா ஓட்டுநர் இருக்கையிலிருந்து முழுக்கப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமை காலை. ஆட்டோவுக்குள் பிள்ளைகளும் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் இடம் பிடிக்க முட்டிக்கொண்டிருந்தன. பள்ளி மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது என்பதால் யாருக்கும் அவசரமில்லை.

மூன்றாம் வகுப்பு எழிலரசன் கையைத் தூக்கினான். “பயப்படாதன்னு சொன்ன தவளப் படம் பாஸ்க்கா.”

“எப்டிடா சொல்ற?”

“நேத்து இருட்னப்பறம் தோட்டத்து பாத்ரூமுக்கு நான் மட்டும் தனியா போனேன்.”

“யாரு சாட்சி?”

“எங்கம்மா. கதவாண்ட டார்ச் லைட்ட அட்சிக்கினு நின்னுச்சி.”

“அம்மா டார்ச் அட்சா அது தனியாடா? பாதி பாஸ். நாலாவது எடம்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜெயசித்ரா திரும்பிச் சாவியைப் போட்டாள்.

கரிக்கலாம்பாக்கத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஆட்டோக்கா என்றால்தான் தெரியும். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அந்தச் சீப்பு அவளுக்கில்லை. தலை வாராமல் ஓடி வந்து ஏறும் பிள்ளைகளுக்கு. காலையில் இவர்களை வில்லியனூரில் உள்ள பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் திருப்பிக் கொண்டுவருவாள். நடுவில் சவாரி கிடைத்தால் ஓட்டுவாள். கிடைக்காவிட்டால் வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்தி, போனில் கார்ட்டூன் படம் பார்ப்பாள்.

கார்ட்டூன் என்றால் கையால் வரைந்த பழைய படங்கள் இல்லை. கம்ப்யூட்டரில் செய்கிற முழுநீளப் படங்கள். விலங்கு பேசும், மேஜை அழும், மேகம் கோபித்துக்கொள்ளும், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் துணையாகப் பார்க்கத் தொடங்கியது. மகள் வளர்ந்து நர்சிங் காலேஜுக்குப் போய்விட்டாள், அம்மா நிறுத்தவில்லை. “அவ செல்லுல சீரியல் பாக்கறா, நான் கார்ட்டூன் பாக்கறேன். எங்க வூட்ல எல்லாமே தலகீழு,” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் அவள் வீட்டில் கூடுவார்கள். தரையில் பாய், நடுவில் ஒரு தாம்பாளம் நிறையப் பொரி, டிவியில் தமிழில் பேசும் படம். பனிக்காட்டுக் கரடி அச்சு அசலாக மதுரைக்காரர் மாதிரி பேசும். “இது எப்போடி வைகைல குளிச்சிது?” என்று ஜெயசித்ரா கேட்டால் அறை முழுக்கச் சிரிக்கும். படம் முடிந்ததும் பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் ஓட்டு வெறும் ஓட்டுதான். இடம் கொடுப்பது ஜெயசித்ரா. அதுவும் அன்றைக்கே கொடுக்கமாட்டாள்.

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: படத்தின் மெசேஜை அவரவர் வீட்டில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஓடினால்தான் படத்துக்கு இடம். எந்தப் படம் முதலிடத்தில் இருக்கிறதோ, அதை முதலில் தூக்கிப் பிடித்த பிள்ளைக்கு அந்த வாரம் முழுக்க ஆட்டோவில் ஓரச் சீட்டு. காற்று முகத்தில் அடிக்கும், எதிரே வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டலாம். அதற்காகவே பிள்ளைகள் வீட்டில் அநியாயத்துக்கு நல்லவர்களாக நடந்துகொள்வார்கள்.

ஏழாம் வகுப்பு வினோதினிக்கு இந்தச் சட்டத்தில் நம்பிக்கை இல்லை. அவள் பார்ப்பது வேறு. “தண்ணி நெஜத் தண்ணி மாரியே இருந்துச்சிக்கா. அந்தப் பொண்ணு முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா பறக்குது. அதுக்கு மார்க் கெடையாதா?”

“முடி பறந்தா இன்னா, பறக்காட்டி இன்னா? முடி வந்து நம்ம வூட்ல பாத்திரம் தேய்க்குமா?”

“அப்போ பாட்டு?”

“பாட்டுக்கு அர மார்க்கு தரேன். போ.”

எல்லாப் படமும் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. ஒட்டகக் குட்டிப் படம் பிள்ளைகளுக்கு உயிர். பொய்யே சொல்லத் தெரியாத ஒரு ஒட்டகக் குட்டி ஊரையே திருத்துகிற கதை. உள்ளதை உள்ளபடி சொல் என்பது மெசேஜ். ஜெயசித்ரா அதை நேர்மையாக ஓட்டிப் பார்த்தாள். மாமியார் வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கல் என்று உள்ளபடி சொன்னாள். மறுநாள் காலையில் அவளுக்கு மட்டும் டீ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஒட்டகம் ஒரேயடியாகக் கீழே போய்விட்டது.

“படம் நல்லாத்தானக்கா இருந்துச்சி,” என்று எழிலரசன் முனகினான்.

“நல்லா இருந்தா? டீ இல்லாம ஒன்னயும் இட்டுக்கினு வண்டி ஓட்டச் சொல்லு பாப்போம், அந்த ஒட்டகத்த.”

ஓய்வெடுக்கத் தெரியாத ரோபோவின் படத்தை அவள் புருசன் ராமு பரீட்சை பண்ணினான். கம்பெனியில் ஷிப்டு வேலை அவனுக்கு. உழைத்தது போதும், கொஞ்சம் கண்ணை மூடு என்று படம் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தான். மெசேஜ் நூற்றுக்கு நூறு என்று அவனே ரிசல்ட்டும் சொல்லியனுப்பினான். ஜெயசித்ரா அந்த ரிசல்ட்டைத் தள்ளுபடி செய்தாள். “அது அந்த ஆளுக்கு மெசேஜ் இல்ல, பழக்கம்.”

இன்னொன்றிலும் அவள் கறார். படத்தில் அம்மா செத்துப்போனால் மார்க் குறையும். “படம் ஆரம்பிச்சி பொரில கை வைக்கறதுக்குள்ள அம்மாவ சாவடிச்சிட்றானுங்க. இல்லன்னா அடுப்பாண்ட நிக்க வெச்சிட்றானுங்க. அந்தம்மாவுக்கு ஒரு வண்டி குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?” என்பாள். ஒரே ஒரு படத்தில் அம்மா கப்பல் ஓட்டினாள். கதை சுமார்தான். ஆனாலும் அது ரொம்ப நாள் முதலிடத்தில் இருந்தது, எந்தப் பரீட்சையும் இல்லாமல். வினோதினி இதைச் சொல்லிக் காட்டினால், “அது ஸ்பெசல் கோட்டா,” என்று வாயை அடைத்துவிடுவாள்.

லைட் ஹவுஸ் படம் வந்த பிறகுதான் ஜெயசித்ராவின் சட்டம் ஜெயசித்ராவையே பிடித்தது.

கடலில் எதிரெதிரே இரண்டு கலங்கரை விளக்கங்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. ராத்திரியில் ஒன்றுக்கொன்று வெளிச்சம் காட்டிப் பேசிக்கொள்ளும். ஒரு நாள் என்னவோ பேச்சு தடித்து, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கின்றன. அது முதலில் சிமிட்டட்டும் என்று இதுவும், இது முதலில் சிமிட்டட்டும் என்று அதுவும். நடுவில் கப்பல்கள் வழி தெரியாமல் முட்டுகின்றன. கடைசியில் சின்ன விளக்கு முதலில் சிமிட்டுகிறது. அவ்வளவுதான் கதை. முடிந்தபோது பொரித் தாம்பாளத்தில் பாதி அப்படியே இருந்தது. ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் முதலிடம் என்று கை தூக்கினார்கள். ஜெயசித்ரா எழுந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கும் ஒரு பெரிய விளக்கு இருந்தது. கூடப் பிறந்த அக்கா செல்வகுமாரி. இரண்டு பேரும் ஒரே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால் பாத்தி போட்டுக் கீரை வளர்த்து, காலை பஸ்ஸில் வில்லியனூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். ஆட்டோ வாங்கிய அன்று மாரியம்மன் கோயில் வாசலில் பூசை போட்டபோது வண்டிக்கு மாலை வாங்கி வந்ததும் அக்காதான். மாலையைக் கட்டிவிட்டு, எல்லோரும் கேட்கும்படி, “ஆம்பளைங்க ஓட்றத நீ ஓட்டி, ஊரு பாத்து சிரிக்கணுமா சித்ரா?” என்றாள். ஆதங்கத்தில் சொன்ன சொல்தான். ஜெயசித்ராவும் எல்லோரும் கேட்கும்படியே பதில் சொன்னாள்: “சிரிக்கறவங்க சிரிக்கட்டும். இனிமே என் வண்டில உன் காலு படக் கூடாது.”

ஊர் சிரிக்கவில்லை. பிள்ளைகளை நம்பி அனுப்பியது. ஆனால் சொன்ன சொல் அப்படியே நின்றுவிட்டது. அக்கா பஸ்ஸுக்கு நிற்கிற டேங்க் தெரு வழியாக அவள் அன்றிலிருந்து வண்டியை விடுவதில்லை. வயலை நிரவி மனை போட்டிருக்கும் பக்கமாக, கல் நட்ட மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிச் சுற்றிக்கொண்டுதான் மெயின் ரோட்டைப் பிடிப்பாள். மழைக்காலத்தில் அங்கே சக்கரம் புதையும். அப்போதும் அந்த வழிதான்.

அடுத்த திங்கட்கிழமை லைட் ஹவுஸ் படத்துக்கு ரிசல்ட் கேட்காமலே அவள் சாவியைப் போட்டாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. பிள்ளைகள் விடவில்லை. எழிலரசன், தன் பென்சிலை உடைத்த பையனிடம் தானே முதலில் போய்ப் பேசியிருந்தான். வினோதினி, சண்டை போட்டிருந்த சித்தப்பா மகளோடு பேசிவிட்டாள். இரண்டு பேரும் இப்போது ஒரே ரிப்பன் போடுகிறார்கள்.

“எல்லாரும் பாஸ்க்கா,” என்றாள் வினோதினி. “எத்தனாவது எடம்னு சொல்லுங்க.”

“இன்னும் டெஸ்ட் முடியலடி.”

“யாருக்கு முடியல?”

ஜெயசித்ரா ஹாரனை அடித்தாள். எதிரே ஆளும் இல்லை, ஆடும் இல்லை.

மண் ரோட்டில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பைகள் சரிந்தன. வினோதினி அவற்றைப் பிடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். “டேங்க் தெருவுல தார் ரோடு போட்டு எம்மாம் நாளாச்சி. நாம ஏன்கா இன்னும் இப்டியே போறோம்?”

எல்லாப் பிள்ளைகளுக்கும் காரணம் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா?

“உனுக்கு வாய் நீளம்டி,” என்றாள் ஜெயசித்ரா. அதில் கோபம் இல்லை. அன்று மாலை அவர்களை இறக்கிவிடும்போது அவளே சொன்னாள்: “அந்தப் படத்துக்கு எடமே வாணாம். லிஸ்ட்ல இல்லன்னு வெச்சிக்கங்க.”

வினோதினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஒட்டகத்துக்கு மட்டும் நீங்க டீயே இல்லாம கெடந்தீங்க. இதுக்கு டெஸ்ட்டே பண்ணாம தூக்குறீங்க. இது அழுகுணி ஆட்டம்க்கா.”

அழுகுணி என்று ஜெயசித்ராவை இதுவரை யாரும் சொன்னதில்லை. ராமுகூடச் சொன்னதில்லை. ராத்திரி சாப்பிடும்போது அதை அவனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சரியாத்தான் சொல்லிக்கீது பொண்ணு,” என்றான். மாமியார் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

மறுநாளும் மண் ரோடுதான். அதற்கு மறுநாள் காலை, திரும்ப வேண்டிய முனையில் இண்டிகேட்டரைப் போட்டவள், திரும்பாமல் நேராக விட்டாள். இண்டிகேட்டர் மட்டும் இடதுபக்கம் அடித்துக்கொண்டே வந்தது. தார் ரோட்டில் ஆட்டோ குலுங்காமல் போனது பிள்ளைகளுக்கே புதுசாக இருந்தது.

தண்ணீர் டேங்க் அடியில் செல்வகுமாரி நின்றிருந்தாள். இடுப்பில் கீரைக் கூடை, மேலே ஈரச் சாக்கு. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஆட்டோச் சத்தத்துக்குத் திரும்பினாள். யார் வண்டி என்று தெரிந்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

வண்டி போகவில்லை. அவள் முன்னால் வந்து நின்றது.

நேற்று ராத்திரி யோசித்து வைத்ததைச் சொல்ல ஜெயசித்ரா வாயைத் திறந்தாள். அக்காவின் காதோரம் முடி நரைத்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். இஞ்சின் மட்டும் டபடபவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஆட்டோக்கா ஏன்…” என்று எழிலரசன் தொடங்கினான்.

“டெஸ்ட் ஓடுது, பேசாதடா,” என்று வினோதினி அவன் தொடையைக் கிள்ளினாள். அப்படியே ஓரச் சீட்டிலிருந்து உள்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

செல்வகுமாரி வண்டியைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “வாணாம். கூடல தண்ணி சொட்டுது. வண்டி அசிங்கமாய்டும்,” என்றாள். பிறகு மெதுவாக, “பஸ் வந்துரும் சித்ரா,” என்றாள்.

ஜெயசித்ரா இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சாய்ந்து, இரண்டு கையையும் நீட்டி, அக்காவின் இடுப்பிலிருந்து கூடையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.