மூன்று சாஃப்ட்வேரும் ஒரு சங்கும்

கார்ட்டூன் படம் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று யூடியூபில் மட்டும் தேடிவிடாதீர்கள். நான் தேடினேன். ஒருவர் நாற்பது நிமிடம் மூன்று சாஃப்ட்வேர்களையும் கிழித்துத் தொங்கவிட்டு, கடைசியில் "எல்லாம் அவரவர் தேவையைப் பொறுத்தது" என்று கும்பிடு போட்டு முடித்தார். என் தேவை எனக்கே தெரிந்திருந்தால் உங்கள் முகத்தை நான் ஏன் ஐயா நாற்பது நிமிடம் பார்க்கப்போகிறேன்?

எனக்கு அப்போது அவசரம். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் பதினோரு வருடம் கன்டெய்னர் எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, இனி முடியாது என்று எழுந்து வந்தவள் நான். வந்து, வீட்டு மாடியில் மதினியோடு உட்கார்ந்தேன். பள்ளியில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவள், பிறகு என் அண்ணனைக் கட்டி மதினி ஆனவள். அவள் படம் வரைவாள், நான் அதை அசைய வைப்பேன். இதுதான் எங்கள் கம்பெனி.

முதல் பெரிய வேலை ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து வந்தது. கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு சங்கு எடுக்க முங்குகிறவர்கள் ஆழத்திலிருந்து விறுக்கென்று மேலே வரக்கூடாது, கயிற்றைப் பிடித்து நின்று நின்றுதான் ஏற வேண்டும். ஏறினால் பிழைத்தார்கள், இல்லாவிட்டால் காலோ உயிரோ போய்விடும். அதைச் சொல்ல ஆறு கார்ட்டூன் படங்கள். முதலில் ஒரு நிமிட மாதிரிப் படம் செய்து முங்குகிறவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை எங்களுக்கு. பிடிக்காவிட்டால், என் பழைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று மேனேஜர் வாரம் ஒரு முறை அன்போடு நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

முதல் சாஃப்ட்வேர் மாத வாடகைக்கு. ஆளை ஒரு தடவை வரைந்து, கை காலைத் தனித்தனியாக வெட்டி, உள்ளே எலும்பு போட்டுவிட்டால் போதும், பிறகு இழுத்த இழுப்புக்கு வருவான். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. மதினிக்குப் பிடிக்கவில்லை.

"ஏளா, இதுல என் கோடு என் கோடாவே இல்ல. பிளாஸ்டிக் வாளி மாதிரி வழுவழுன்னு கெடக்கு."

"கோட்ட எவ பாக்கப்போறா? ஆளு அசையுதானா, அதப் பாரு."

"அசையுதான். குடைய மடக்கி விரிக்க மாதிரி அசையுதான்."

இரண்டாவது, பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது. இருபத்தொரு நாள் ட்ரையல். அதிலிருந்த பொத்தான்களைப் பார்த்தால் கப்பல் ஓட்டப் படித்தவர்களுக்கே தலை சுற்றும். மூன்று நாள் முட்டி மோதி ஒரு மீனை நீந்த வைத்தேன். நீந்தியது, வாலை முன்னால் விட்டுக்கொண்டு. படத்தை வெளியே எடுத்தால் ட்ரையல் என்பதற்கு அடையாளமாக முங்குகிறவன் நெஞ்சுக்குக் குறுக்கே கம்பெனி பெயர் பட்டையாக விழுந்தது. உதவிப் பக்கத்தில் போய்க் கேட்டால், வாங்கிவிட்டால் போய்விடும் என்றார்கள். பெரிய கண்டுபிடிப்பு!

மூன்றாவது இலவசம். எலும்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் கையால் வரைய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் தானாக மூடிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. மதினி இதில்தான் விழுந்தாள். ஒன்பது நாளில் எட்டு நொடி முடித்தாள். அந்த எட்டு நொடியில் தண்ணீருக்குள் அவன் சட்டை உப்பி அமுங்குவதைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டியது. நல்லாயிருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மீதி ஐம்பத்திரண்டு நொடிக்கு எத்தனை நாள் என்று கேட்டேன்.

"வரைய வரையத்தான தெரியும்," என்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. அன்றிலிருந்து மாடியில் எந்நேரமும் சாஃப்ட்வேர் சண்டைதான். கப்பலில் இருக்கும் அண்ணனைப் போனில் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டோம். அவன், "ரெண்டு பேரும் ரெண்டுலயும் பண்ணுங்களேன்," என்று சொல்லி போனை வைத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் நடுக்கடலில் நிம்மதியாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டும். அன்றைக்குத்தான் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் கரையில் இருப்பார்கள். சனிக்கிழமை மதினி அவள் அம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, நான் வாடகை சாஃப்ட்வேரில் உட்கார்ந்து முழு நிமிடத்தையும் முடித்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு வாரம் ஆகும். முங்குகிறவன் வலது பக்கம் பார்த்து இறங்குகிறான், கீழே ஒரு சங்கை எடுக்கிறான், இடது பக்கம் திரும்பி அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி மெதுவாக ஏறுகிறான். திரும்புவதற்கு ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் ஆள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறிவிடுவான். முழங்கால் ஒழுங்காக மடங்குகிறதா என்று பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன். மடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

கோயில் ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். முங்குகிறவன் இறங்கினான், எடுத்தான், திரும்பினான். அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"ஏலே, நிறுத்து நிறுத்து! வலம்புரில்லா வச்சிருக்கான்!"

ஹாலே எழுந்துவிட்டது. மதினி என் தொடையில் கிள்ளினாள். "திருப்பிப் போட்டியாளா?"

ஆளைத் திருப்பினால் அவன் கையில் இருக்கும் சங்கும் திரும்பும். சாதாரண இடம்புரிச் சங்கு வலம்புரி ஆகிவிட்டது. சங்கு எடுக்கிற ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், முட்டாள். நிறுவனத்திலிருந்து மதுரைக்கார மேடம் வந்திருந்தார். என்ன சத்தம் என்று அவருக்குப் புரியவில்லை. லட்சத்தில் ஒன்று கிடைக்கிற சங்கு, கிடைத்தால் வீடே மாறிவிடும் என்று நானே அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் ஹாலில் அதை யாரிடம் விற்கலாம், படகுக்காரருக்குச் சொல்லலாமா கூடாதா என்று பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

"வலம்புரி கையில இருந்தா எவம்லே நின்னு நின்னு ஏறுவான்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் ஃபைலை மூடினார். கன்டெய்னர் எண்கள் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. அழுகை வந்தது, வெட்கத்தில் அடக்கிக்கொண்டேன்.

அப்போது வாசலோரம் சக்கர நாற்காலியில் இருந்தவர் கையைத் தூக்கினார். நாற்பது வயதுதான் இருக்கும். அவர் பேசப்போகிறார் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"நான் சாதாச் சங்குக்கே வேகமா ஏறுனவன். அந்த வலம்புரிய மாத்தாதீங்க. அவன் கையில அது இருக்கட்டும். இருந்தும் அவன் நின்னு ஏறட்டும். அத இவனுவ மறக்கமாட்டானுவ." பிறகு மேடத்தைப் பார்த்து, "போன வருசம் ஒரு படம் போட்டீங்க, பாதிப்பேரு தூங்கிட்டானுவ. இவங்ககிட்டயே குடுங்க," என்றார்.

மேடம் ஹாலைப் பார்த்தார். சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஃபைலைத் திறந்து, ஆறு படத்தையும் நீங்களே செய்யுங்கள் என்றார்.

கையில் அப்படி ஒரு சங்கு, மேலே வெளிச்சம் தெரிகிறது, அவன் ஏறாமல் கயிற்றைப் பிடித்து நிற்கிறான். அந்த முகத்தை என் எலும்பு சாஃப்ட்வேரால் காட்ட முடியாது. அதை மதினி சொல்வதற்கு முன்னால் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அவளோ அதற்குள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பென்சிலோடு சக்கர நாற்காலிக்காரர் பக்கத்தில் போய்க் குனிந்திருந்தாள்.

"எத்தன அடி ஆழத்துல நிக்கணும், அண்ணாச்சி? ஒவ்வொரு எடத்துலயும் எவ்வளவு நேரம்?"

"அது தெரிஞ்சிருந்தா நான் இங்கன நடந்துல்லாம்மா வந்திருப்பேன்," என்றார்.