சல்லடையின் சாக்கெட்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். வீட்டைப் பூட்டியபின் நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, புருஷனையும் போய் இழுக்கச் சொல்வாள். அவன் உண்மையாகவே இழுத்தானா என்று தெருவில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

கருவிகளுக்கு வெளிப்பெட்டி வரைவது அவள் வேலை. பெட்டிக்குள் போகும் மின்சுற்றுப் பலகையை இன்னொருவர் இன்னொரு மென்பொருளில் வரைவார். பலகையில் ஒரு பாகம் இடம் மாறினால், அந்த மாற்றம் ஒரு ஃபைலாக அவளுக்கு வரும். சரி என்றோ வேண்டாம் என்றோ அவள் பதில் ஃபைல் அனுப்ப வேண்டும். பழைய கம்பெனியில் அப்படி வந்த ஒன்றை நம்பினாள். அதில் ஒரு பாகத்தின் உயரமே குறிப்பிடப்படவில்லை. செய்துவந்த பெட்டிக்கு மூடி மூடவில்லை. அனுப்பினவன் கைகழுவிவிட்டான், வேலை போனது இவளுக்கு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா?

இங்கே பலகை வரைபவன் அவளுடைய கொழுந்தன். புதிதாகச் சேர்ந்தவன், இன்னும் நிரந்தரமாகவில்லை. சொந்தக்காரன்மேல் சந்தேகம் குறையும் என்பீர்கள். அவளுக்கு இரட்டிப்பானது. கல்யாணமான புதிதில், "அண்ணி எல்லாத்துக்கும் கணக்குப் பாக்கறாங்க" என்று அவன் சொன்னதை அவள் மறந்தாளா என்ன!

மாதிரிப் பெட்டி வந்த அன்று பிளக் உள்ளே நுழையவில்லை. பெட்டியில் ஓட்டை ஓரிடம், பலகையில் சாக்கெட் ஓரிடம். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

"சாக்கெட்டை நகத்தினதுமே அனுப்பிட்டேனே அண்ணி," என்றான் கொழுந்தன்.

"என் ஸ்கிரீன்ல வந்து பாருங்க தம்பி. இருந்த இடத்துலயே இருக்கு."

வந்து பார்த்தான். அப்படித்தான் இருந்தது. அவன் முகம் செத்துப்போனது.

மேலாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். "பெட்டிக்கு அச்சு வெட்டறவங்க காத்திருக்காங்க. தப்பு அந்தப் பக்கம்தான்னா ஆதாரத்தோட காட்டுங்க. இன்னைக்கே அவரை அனுப்பிடலாம்."

காட்டாமல் விடுவாளா? வேண்டுமென்றே என்னை மாட்டிவிடப் பார்த்தான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே படத்தைத் திறந்தாள். நாளைக்கு யாரும் எதையோ மறைத்துவிட்டாள் என்று சொல்லக் கூடாது. அதனால் மறைத்து வைத்த பாகங்கள் எல்லாவற்றையும் தெரியவைத்தாள்.

திரையில் இரண்டு சாக்கெட்டுகள் நின்றன.

முதல் ஃபைல் வந்தபோது, இவன் அளவை யார் நம்புவது என்று அவன் சாக்கெட்டை மறைத்துவிட்டு, மாதிரிப் பலகையை வெர்னியர் அளவுகோலால் தானே அளந்து, தானே ஒன்றை வரைந்து வைத்தது நினைவுக்கு வந்தது. ஓட்டையையும் அதற்கு நேராகத்தான் போட்டிருந்தாள். அவள் வரைந்தது எந்த ஃபைலுக்கு நகரும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், மறைத்தவளுக்கே மறந்துபோயிற்று. அவன் சாக்கெட்டோ கண்ணில் படாமலே, அவன் சொன்னபடியெல்லாம் நகர்ந்திருந்தது.

அவனுடையதை அழித்துவிட்டால் போதும், பழி அவன்மேல்தான், ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. விரல் விசைமேல் நின்றது. கைகழுவிவிட்டுப் போன அந்தப் பழையவனின் முகம் கண்முன் வந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கொழுந்தனைக் கையோடு கூட்டிக்கொண்டு மேலாளரிடம் போனாள். "தப்பு என்னுது சார். இவர் அனுப்பினது எல்லாம் சரியா வந்திருக்கு. நான்தான் நம்பலை." மேலாளர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஓட்டையை மாற்றி வரையச் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் அவன் மெதுவாகக் கேட்டான். "எத்தனை அனுப்பியிருப்பேன் அண்ணி! சரின்னும் பதில் இல்லை, வேண்டாம்னும் இல்லை. என்னை இங்கேர்ந்து விரட்டப் பாக்கறீங்கன்னே நினைச்சுட்டேன்."

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "இனிமே பதில் வரும் தம்பி," என்றாள். "அளந்து பாத்துட்டுத்தான் வரும். ஆனா வரும்."

ஓட்டையை மாற்றினாள், இரண்டு தடவை அளந்தாள், சரி என்று முதல் பதிலை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் அவள் மேஜைக்கு வந்து தயங்கி நின்றான்.

"ஒரு பதில் வந்திருக்கு அண்ணி. நிஜமாவே நீங்கதான் அனுப்பினீங்களா?"